கேட்டு அழுதால் போதுமா?



பக்தியுள்ள பழைய நூல் ஒன்று வாசிக்கக் கேட்டுக் கண்ணீர் விடுகிறவன், அந்தக் கண்ணீரினாலேயே நல்லவனாகி விடுகிறானா? இந்தக் கேள்வியை நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வது தகும். ஏனெனில் ஞான வாசகம் கேட்பது முன்னைவிட இப்போது எளிதாயிருக்கிறது. உபதேசியார் வீட்டுப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்த நூல்களில் பல, இன்று யாரோ வாசித்துப் பதிவுசெய்து, கைப்பேசியில் கிடைக்கின்றன. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர் பேருந்திலே கேட்கிறார். பாட்டியம்மாள் அடுப்படியிலே கேட்கிறாள். இது நல்லதே. ஆனால் கேட்பது எளிதானபடியால், வழிநடத்தப்படுவதும் எளிதாகிவிட்டது என்று எண்ணினால் ஏமாந்துபோவோம்.

கேட்பது வாசிப்பதைவிடத் தாழ்ந்தது என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நமது தருமபுரி மாவட்டத்தில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 68.5 பேர், மாநிலத்திலேயே இதுதான் குறைந்த அளவு. ஆனால் எழுத்து அறியாதவர்கள் ஞானத்துக்குத் தூரமானவர்கள் அல்லர். திருவள்ளுவர் கல்லாமையைப் பற்றிச் சொன்ன கையோடு கேள்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அர்ச். ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் தம் மடத்தாருக்கு எழுதிய ஒழுங்கு, செவிகொடுத்துக் கேட்கும்படி சொல்லித்தான் தொடங்குகிறது. சாப்பாட்டு வேளையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் மௌனமாய்க் கேட்க வேண்டுமென்றும் அதில் விதித்திருக்கிறார். முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் 1586-ல் அடியார் வரலாறு என்னும் நூலைத் தமிழில் அச்சிட்டபோது, வாசிக்கத் தெரிந்தவர் சிலரே. அப்படிப்பட்ட நூல்கள் ஒருவர் வாய்வழியாகவே பலர் காதுக்குப் போயின.

இவ்வாறு கேட்கப்பட்டு வந்த நூல்களில் வியாகுலப் பிரசங்கத்துக்குத் தனி இடம் உண்டு. அதை இயற்றியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. தமிழர் சாங்கோபாங்க சுவாமி என்று அழைத்தவர். கோவாவில் 1676-ல் பிறந்து, 1705-ல் இலங்கை சேர்ந்து, 1742-ல் அந்நாட்டிலேயே மரித்தார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. அவர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்தார்கள். பல ஊர்களுக்குக் குருவானவர் மறைந்து மறைந்து எப்போதாவதுதான் வர முடிந்தது. குரு இல்லாத இடத்தில் நூல் பேசியது. அந்தக் குரலைச் சுற்றிச் சபை கூடியது. இன்றும் ஈழத்திலும் நமது தென்கடற்கரை ஊர்களிலும் தபசுகாலத்தில் அதை இராகத்தோடு வாசிக்கிறார்கள். சேசுநாதருடைய பாடுகளையும் தேவமாதாவின் துயரத்தையும் கேட்டவர் கண் நனையாமல் எழுந்திருப்பது அரிது.

அந்தக் கண்ணீர் பொய்யா? இல்லை. கல்லான மனத்தை இளக வைப்பது சர்வேசுரன் தரும் வரமே. ஆனால் அழுது முடித்தவர் எழுந்து எங்கே போகிறார்? தம் வீட்டுக்கு. கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த பெண் சிசுக்களைக் காப்பாற்ற அரசாங்கம் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவந்தது. அது ஏன் இங்கே தேவைப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் பெண் என்றால் முகம் சுளிக்கும் மனத்தைச் சட்டம் மாற்றிவிடவில்லை. மகனைப் பறிகொடுத்த தாய்க்காகக் கோவிலில் அழுதவள், இரண்டாவதும் பெண்ணைப் பெற்ற மருமகளை வீட்டில் அழவைத்தால், அவள் கேட்டது என்ன? சிலுவையடியில் நின்ற தாய்க்காக நெஞ்சில் அடித்துக்கொண்டவன், வாரக் கூலியைச் சாராயத்தில் கரைத்துத் தன் பிள்ளைகளின் தாயைத் தெருவில் நிற்கவைத்தால், அவன் கேட்டது என்ன? அவர்கள் நூலைக் கேட்கவில்லை. தங்கள் கண்ணீரின் சுவையைத்தான் கேட்டார்கள்.

கேட்டதின் பலனை அறிவது எப்படி? அர்ச். இஞ்ஞாசியார் 1521-ல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் கால் முறிந்து, லொயோலாவில் தம் வீட்டில் படுத்திருந்தார். வீரர்களின் கதைகளைக் கேட்டார். அவை அங்கே இல்லை. கிறிஸ்துநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமுமே கிடைத்தன. வீரக் கனவுகளில் மூழ்கிய வேளையில் இன்பமாயிருந்தது. கனவு கலைந்தபின் மனம் வறண்டு கிடந்தது. அர்ச்சியசிஷ்டவர்களைப்போல் நடக்க வேண்டுமென்று நினைத்தபோதோ, நினைவு நின்றபின்பும் மகிழ்ச்சி தங்கியது. இந்த வேற்றுமையைக் கண்டுகொண்டதே அவருடைய மனந்திரும்புதலுக்குத் தொடக்கம். ஆகவே நூலைக் கேட்கும்போது என்ன உணர்ந்தோம் என்பது பெரிதல்ல. கேட்டு முடிந்தபின் நம்மிடம் எது தங்குகிறது என்பதே பெரிது.

இதற்கு மூன்று காரியங்களைக் கைக்கொள்ளுங்கள்.

முதலாவது, நூலை வரிசையாகக் கேளுங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் தோமாஸ் கெம்பிஸ் எழுதிய கிறிஸ்துநாதர் அநுசாரத்தில் ஆறுதல் தரும் அதிகாரங்களும் உண்டு. நம் பெருமையைக் குத்தும் அதிகாரங்களும் உண்டு. இனித்ததை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால், வழிகாட்டிக்கு நாம் வழிகாட்டுகிறோம். கைப்பேசியோ, நேற்று நமக்குப் பிடித்ததைப் போன்றதையே இன்றும் முன்னே நீட்டுகிறது. பழைய நூலுக்கு நம் முகம் தெரியாது. அதனாலேயே அது நம்மை முகஸ்துதி செய்வதில்லை. எந்த அதிகாரத்தில் கைப்பேசியை அணைக்கத் தோன்றுகிறதோ, அதுவே பெரும்பாலும் உங்களுக்கு வேண்டிய அதிகாரம்.

இரண்டாவது, திருச்சபையோடு சேர்ந்து கேளுங்கள். நூல் பழையது என்பதற்காக அதிலுள்ள எல்லாம் வேதவாக்கு ஆகாது. பாடுகளைப் பற்றிய பழைய நூல்கள் சிலவற்றில் யூத குலத்தார் எல்லோர்மேலும் பழி சுமத்தும் பேச்சு வரும். அப்படிச் சுமத்தக்கூடாதென்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ல் தெளிவாய்ச் சொல்லிவிட்டது. இன்னும் சில நூல்கள் மடத்துச் சந்நியாசிகளுக்கு எழுதப்பட்டவை. அவற்றிலுள்ள உபவாசங்களைச் சூளையில் கல் சுமக்கிறவரோ பால் கொடுக்கும் தாயோ அப்படியே செய்யத் துணியலாகாது. பக்தி அவரவர் அந்தஸ்துக்கும் பலத்துக்கும் ஏற்றபடி இருக்க வேண்டுமென்று அர்ச். பிரான்சிஸ்கு சலேசியார் 1609-ல் இல்லறத்தாருக்காகவே வெளியிட்ட நூலில் கற்பித்திருக்கிறார். சந்தேகம் வந்தால் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் கேளுங்கள். நூல் பேசும்; ஆனால் உங்கள் மறுமொழியைக் கேட்கும் காது அதற்கு இல்லை.

மூன்றாவது, ஒவ்வொரு முறையும் ஒரு செய்கையோடு எழுந்திருங்கள். அது சிறியதாயிருக்கட்டும், ஆனால் பெயர் சொல்லக்கூடியதாயிருக்கட்டும். இன்றைக்கு மருமகளிடம் இன்ன வார்த்தையைச் சொல்வேன். இந்தச் சனிக்கிழமை கூலியை அப்படியே வீட்டில் கொடுப்பேன். மகளுக்குப் பதினெட்டு வயது நிறையுமுன் வரன் பேச வருகிறவரைத் திருப்பி அனுப்புவேன். இப்படி ஒன்று இல்லாமல் கைப்பேசியை மூடாதீர்கள்.

வீட்டில் பாட்டிக்கு எழுத்து தெரியாது, பேரப்பிள்ளைக்குத் தெரியும். பிள்ளை தினமும் ஒரு பக்கம் உரக்க வாசிக்கட்டும், வீட்டார் உட்கார்ந்து கேட்கட்டும். பதிவான குரலைவிட அந்தத் திக்கித் திக்கி வாசிக்கும் குரல் அதிகப் பலன் தரும். ஏனெனில் கேட்டபடி நாம் நடக்கிறோமா என்பதை அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கும்.

தமது வார்த்தையைக் கேட்டு நடக்கிறவனைப் பாறையின்மேல் வீடு கட்டினவனுக்கும், கேட்டும் நடவாதவனை மணலின்மேல் கட்டினவனுக்கும் சேசுநாதர் ஒப்பிட்டார். இருவரும் கேட்டவர்களே என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்ப் பாறையின் உறுதி கல்லுடைக்கிற கைகளுக்குத் தெரியும். அதன்மேல் கட்டுவது வருத்தமான வேலைதான். ஆனால் மழை வரும்போது நிற்பது அந்த வீடே.