எந்த வரியில் நின்றாய்?

முதலாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன் ஒருவனுக்கு ஒரு கணக்கு. 30 டிகிரி சாய்தளத்தில் திண்ம உருளை ஒன்று நழுவாமல் உருண்டு இறங்குகிறது. நிலை உராய்வுக் குணகம் 0.4, முடுக்கம் எவ்வளவு? உராய்வு என்றதும் அவன் கை தானாகக் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கி எழுதிவிடுகிறது. பள்ளியிலிருந்தே பழகிய வரி அது. முடுக்கம் 1.5 என்று வருகிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலோ 3.27 என்றிருக்கிறது. இரவு மணி பதினொன்று. காலையில் அசைன்மென்ட் வைத்தாக வேண்டும். கணக்கைப் படமெடுத்து, மூன்றாமாண்டு படிக்கும் ஓர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான்.

அந்த அண்ணன் முழுக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுத் திருப்பி அனுப்பலாம். மூன்று நிமிட வேலை. அல்லது, "உருளை நழுவுதா, நழுவலையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். நழுவவில்லை என்றால் அங்கே இருப்பது நிலை உராய்வு. அது எப்போதும் தன் உச்ச அளவில் நிற்பதில்லை. எவ்வளவு தேவையோ அவ்வளவே எழும். குணகத்தையும் செங்குத்து விசையையும் பெருக்கினால் கிடைப்பது அதன் எல்லை மட்டுமே. இந்த உருளைக்குத் தேவைப்படும் உராய்வு அதன் எடையில் ஆறில் ஒரு பங்கு. மாணவன் எழுதியதில் பாதிகூட இல்லை. அந்த ஆறில் ஒரு பங்கைச் சொல்லக்கூடியது உருளையின் சுழற்சிதான். இது பிடிபட்டுவிட்டால், திருப்புவிசைக்கு இன்னொரு சமன்பாடு எழுத வேண்டும் என்று அவனுக்கே தோன்றும். பிறகு, புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற விடை தானே வந்து விழும்.

இரண்டையும் உதவி என்றுதான் சொல்கிறோம். ஆனால் முதலாவது கொடுக்கும்போதே ஒன்றை எடுத்துக்கொண்டும் போய்விடுகிறது. தன் தவறு எந்த வரியில் இருக்கிறது என்று தேடும் அந்தச் சில நிமிடங்களில்தான் கணக்கின் மொத்தப் பயனும் இருக்கிறது. உருளையின் முடுக்கம் தனக்குத் தெரியாமல் எந்தப் பேராசிரியரும் கணக்குக் கொடுப்பதில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் பிரிட்சார்டும் உடன் பணியாற்றியவர்களும் மாணவர்கள் கணினிவழி அனுப்பிய இயற்பியல் வீட்டுக்கணக்குகளை ஆராய்ந்து, எவை பார்த்து எழுதப்பட்டவை என்று கண்டறிந்தார்கள். 2010-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, நூற்றுக்கு முப்பதுக்கு மேல் பார்த்து எழுதியவர்கள் பாடத்தில் தோற்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. கருத்துப் புரிதலை அளந்த தேர்வில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. குறியீடுகளை வைத்துச் சமன்பாடு எழுதித் தீர்க்க வேண்டிய கணக்குகளில்தான் அவர்கள் சரிந்தார்கள். இதைவிட நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும் செய்தி ஒன்றும் அதில் இருக்கிறது. பார்த்து எழுதுவதற்கும் தொடக்கத்தில் இருந்த கணிதத் திறமைக்கும் தொடர்பு மிகக் குறைவு; அல்லது தொடர்பே இல்லை. வேலையைத் தள்ளிப்போட்டு, கெடு நெருங்கும்போது வரும் நேர நெருக்கடியே காரணமாகத் தெரிந்தது. பாடம் நடத்தும் முறையை மாற்றியபோது, சுமார் 11 விழுக்காடாக இருந்த பார்த்தெழுதல் 3 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. எனவே, காப்பியடிப்பவனைத் திறமையற்றவன், நெறிகெட்டவன் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமில்லை. அவன் பதினொரு மணிக்கு உட்கார்ந்தவன். அவ்வளவுதான்.

அப்படியானால் தவறே இல்லையா? இருக்கிறது. பார்த்து எழுதுபவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான் என்று எல்லோரும் சொல்வார்கள். அது மட்டும்தான் என்றால் அவன் பாடு என்று விட்டுவிடலாம். உண்மையான பாதிப்பு வேறொரு பெஞ்சில் இருக்கிறது. அசைன்மென்ட் தாள் ஒரு சாட்சியம். வகுப்பு எதைப் புரிந்துகொண்டது, எங்கே தடுமாறுகிறது என்பதை ஆசிரியர் அறியும் வழி அதுதான். அறுபது தாளில் ஐம்பது ஒரே அச்சில் சரியாக வந்தால், நிலை உராய்வு எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். தானே முயன்று, முடியாமல் பாதியில் விட்டுத் தாளைக் கொடுத்த மாணவிக்கு அந்தப் பாடம் இனி திரும்ப வராது. மதிப்பெண்ணும் குறையும். பல கல்லூரிகளில் நூற்றுக்கு 25 மதிப்பெண் அகமதிப்பீடு. அதில் ஒரு பங்கு இந்தத் தாளுக்கு. நேர்மையாக இருந்ததற்கு அவள் இரண்டு முறை விலை கொடுக்கிறாள்.

இதைச் சொன்னதும், யாரிடமும் எதையும் கேட்கவே கூடாது என்று கறாராகப் பேசுபவர்கள் உண்டு. அதை ஏற்க முடியாது. வீட்டில் பொறியாளர் அப்பாவோ, தெருவில் டியூஷன் வாத்தியாரோ இருக்கும் பிள்ளைக்குக் கேட்காமலே உதவி கிடைத்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, முதல் பருவத்திலேயே ஆங்கிலப் புத்தகத்தின் முன் உட்காரும் முதல் தலைமுறை மாணவிக்கு அந்த வாட்ஸ்அப் எண் ஒன்றுதான் கதி. சில நேரம் அவள் தடுமாறுவது இயற்பியலில்கூட இல்லை, கேள்வியின் வாக்கியத்தில். அவளிடம் கதவைச் சாத்துவதில் அறம் எதுவும் இல்லை.

ஐன்ஸ்டைன் சூரிச்சில் படித்த நாளில் பல விரிவுரைகளுக்குப் போகவில்லை. நண்பர் மார்செல் கிராஸ்மன் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் படித்துத்தான் தேர்வுகளைக் கடந்தார். 1912-இல் ஈர்ப்புக் கோட்பாட்டுக்கு வேண்டிய வடிவியல் கைவசம் இல்லாமல் நின்றபோது, அதே கிராஸ்மனிடம்தான் போனார். அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது: இயற்பியல் பகுதி ஐன்ஸ்டைனுடையது, கணிதப் பகுதி கிராஸ்மனுடையது என்று தனித்தனியாக. உதவி கேட்டதால் அவர் சிறுத்துவிடவில்லை. எது யாருடையது என்று தாளில் உண்மையாக எழுதியிருந்தது.

அந்த நேர்மையைத்தான் முதலாமாண்டு அசைன்மென்ட்டிலும் எதிர்பார்க்கிறோம். எவ்வளவு உதவி வாங்கினான் என்பது இரண்டாம்பட்சம். தாள் பொய் சொல்லாமல் இருந்தால் போதும். நண்பர்கள் நான்கு பேர் விடுதி அறையில் உட்கார்ந்து சண்டைபோட்டுப் போட்ட கணக்கு நல்ல கணக்குதான். ஆளுக்கொரு தாளில் தம் சொல்லில் எழுதி, சேர்ந்து போட்டோம் என்று குறித்துவிட்டால் யாருக்கும் அநீதி இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலிக்கும் இதே அளவுகோல். விடையைக் கேட்டால் அது விடையைத் தரும். என் தவறு எந்த வரியில் என்று கேட்டால் வரியைக் காட்டும். கேட்பவன் எதைக் கேட்டான் என்பதில் பொறுப்பு இருக்கிறது.

கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு. இரவில் படம் வந்தால், அண்ணன்மாரே, அக்காமாரே, முதலில் அவன் எழுதியதை அனுப்பச் சொல்லுங்கள். எந்த வரியில் நின்றான் என்று பாருங்கள். அந்த வரிக்கு மட்டும் உதவுங்கள். ஆசிரியர்களே, அசைன்மென்ட் தாளின் அடியில் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள்: எங்கே நின்றுபோனேன், யார் உதவினார்கள். அந்த இரண்டு வரிக்கும் மதிப்பெண் கொடுங்கள்.