வேன் கட்டணம் போடும் எல்லைக்கோடு

ஷா ஆலாம் ஏழாவது செக்‌ஷனில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பெயர் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. சுற்றிலும் வீடுகளும் சாலைகளும்தான், தோட்டம் இல்லை. சுபாங் ஜெயாவில் சீபில்ட் தோட்டத்தின் பெயரோடு இன்னொரு பள்ளி. சிலாங்கூரில் வளர்ந்தவர்களுக்கு இதில் வேடிக்கை எதுவும் தெரியாது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் அதுவும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஜனங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தார்கள். சில பள்ளிகள் பழைய பெயரை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே வந்தன. பல பள்ளிகள் வரவில்லை. செம்பனைக்கு நடுவிலோ, லாரிகள் மட்டும் போகிற ஒரு சாலையின் ஓரத்திலோ அவை இன்னும் அங்கேயே இருக்கின்றன.

அதன் விளைவை நாம் எல்லாரும் அறிவோம். ஒரே மாவட்டத்தில், அரை மணி நேரக் கார் பயணத்துக்குள், ஒரு தமிழ்ப்பள்ளியில் ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். இன்னொன்றில் பள்ளிக்கே நாற்பது பிள்ளைகள். முதல் பள்ளி இணைக்கட்டடம் கேட்டு மனு எழுதுகிறது. இரண்டாவது பள்ளி, அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்கு யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அப்படியான ஒரு சிறிய பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். என் பிள்ளைகள் இருவரும் அங்கே படித்தார்கள். அதில் தியாகம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் பக்கம், அவ்வளவுதான். ஒரு கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து நேராகவே கேட்டார்.

“கோடு போட்டா என்னங்க? இந்த மூணு தாமான் பிள்ளைங்க இந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வரணும்னு மாவட்டக் கல்வி இலாகா சொல்லிட்டா, அங்க நெரிசலும் குறையும், இங்க பள்ளியும் பிழைக்கும்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்: “சார், கோடு போட்டா நம்ம ஆளுங்க தாண்டிப் போக மாட்டாங்க. நேரா சீனப் பள்ளிக்குப் போயிடுவாங்க.”

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் பிள்ளைக்கு நல்லதைத் தேடும் உரிமையும், என் அக்கம்பக்கத்துப் பிள்ளைக்கு நான் பட்டிருக்கும் கடனும் மோதும்போது எது பெரியது? அதைத் தீர்க்க ஒரு வரைபடத்தில் போடும் கோட்டால் முடியுமா?

கோடு போட்டுப் பார்த்த ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவில், இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமாகிவிட்டால், குடிமக்களுக்கு முன்னுரிமை கொடுத்த பிறகு தூரம் பேசத் தொடங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் முதலில், அடுத்து ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில், அதன் பிறகு மற்றவர்கள். அப்போதும் இடம் போதாவிட்டால் குலுக்கல். கேட்பதற்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது என்று தோன்றும். தூரத்துக்குச் சாதி, மதம், வருமானம் எதுவும் தெரியாதே!

ஆனால் தூரத்துக்கு விலை தெரியும். அங்கே வீட்டு விளம்பரங்களில், பெயர்பெற்ற பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்பது படுக்கையறை எண்ணிக்கையைப் போல ஒரு தகவலாகவே வருகிறது. பதிவுக்காக மட்டும் முகவரி மாற்றுவதைத் தடுக்க, அந்த முகவரியில் குறைந்தது 30 மாதங்கள் குடியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2022ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து தூரத்தைப் பள்ளி நிலத்தின் எல்லையிலிருந்து அளக்கிறார்கள். கோட்டை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும், அதற்குள் வீடு வாங்க முடிந்தவருக்குத்தான் அது முதலில் திறக்கிறது. நியாயத்துக்காகப் போட்ட கோடு வீட்டு விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அப்படியானால் கோடே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? தமிழ்ப்பள்ளிகளைப் பொறுத்தவரை நாம் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறோம். தாமானில் ஒரு பள்ளி இருக்க, அதைக் கடந்து பத்து, பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கு அனுப்புவது நம்மிடையே சாதாரணம். அதைச் சுதந்திரம் என்கிறோம். நான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பகுதியிலிருந்து பெரிய பள்ளிக்கு வேன் கட்டணம் ஒரு பிள்ளைக்கு மாதம் 150 ரிங்கிட். மூன்று பிள்ளைகள் என்றால் 450. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025லிருந்து 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் வாழும் ஒரு தாய்க்கு மூன்று பிள்ளைகளின் வேன் மட்டுமே நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அவள் முன்னால் யாரும் கோடு போடவில்லை. ஆனால் அவள் தாண்ட முடியாது. கோடு இல்லாத இடத்தில் வேன் கட்டணமே கோடாகிவிடுகிறது. வரைபடத்தில் இல்லாததால் அதைப் பற்றி யாரிடமும் போய் மனு கொடுக்கவும் முடியாது.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹெர்ஷ்மன் 1970இல் ‘வெளியேற்றம், குரல், விசுவாசம்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூல் எழுதினார். ஓர் அமைப்பு சீரழியும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: வெளியேறுவது, அல்லது உள்ளே இருந்து குரல் கொடுப்பது. இதற்கு அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று பள்ளிக்கூடம். தரத்தைப் பற்றி மிகவும் அக்கறைப்படுகிற பெற்றோர்தான் முதலில் வெளியேறுகிறார்கள். பள்ளியைத் திருத்தக்கூடிய குரலும் அவர்களுடையதுதான். ஆக, பள்ளி பிள்ளைகளை இழப்பதோடு, தன்னைக் கேள்வி கேட்கக்கூடியவர்களையும் சேர்த்து இழக்கிறது.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் போனவர்கள் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள். கூட்டத்துக்கு வருபவர்கள், கடிதம் எழுதத் தெரிந்தவர்கள், இலாகாவுக்குப் போய் “ஏன் இன்னும் கணித ஆசிரியர் வரவில்லை?” என்று கேட்கக்கூடியவர்கள். அவர்கள் போன பிறகு மானியம் குறைந்தது, ஏனென்றால் மானியம் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் வருகிறது. மானியம் குறைந்ததும் இன்னும் சிலர் போனார்கள். 150 பிள்ளைகளுக்குக் கீழே போன எந்தப் பள்ளிக்கும் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று ஒரு பெயர் இருக்கிறது. அது நிர்வாகச் சொல். பெற்றோர் காதில் மட்டும் அது தீர்ப்பாக விழுகிறது.

இப்படி எழுதிக்கொண்டே போனால் வெளியேறியவர்களைக் குற்றவாளியாக்குவது எளிது. அதற்கு நான் தயாரில்லை. தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருக்கும் ஒரு பெண்ணிடம் இதைப் பேசினேன். மகனை இரண்டாம் ஆண்டில் எங்கள் பள்ளியிலிருந்து மாற்றியவர்.

“அண்ணே, வகுப்புல மொத்தம் நாலு பிள்ளைங்க. அதுல ரெண்டு பேரு பொம்பளப் பிள்ளைங்க. அவன் யாரோட பந்து விளையாடுவான்?” என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: “நீங்க பள்ளிக்கூடத்தச் சரி பண்ணுங்க, வேணாங்கல. ஆனா அவனுக்கு ஆறு வருஷந்தான் இருக்கு. நீங்க சரி பண்ணி முடிக்கிறதுக்குள்ள அவன் ஆறாம் ஆண்டு முடிச்சிருப்பான்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. ஒரு பள்ளியின் ஆயுளைப் பத்தாண்டுக் கணக்கில் அளக்கலாம். ஒரு பிள்ளையின் ஏழு வயது ஓராண்டுதான். சமூகத்தின் நாளைய நன்மைக்காக இன்றைய பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல எந்தச் சங்கத்துக்கும் உரிமை கிடையாது. தமிழ்ப்பள்ளியைக் காப்போம் என்று மேடையில் பேசுபவர்களில் சிலரது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கே படிக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்திருக்கும்போது, அந்தத் தாயிடம் மட்டும் விசுவாசத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

ஆனால் அவர் சொன்னதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. நாலு பிள்ளைகளில் ஒருவன் போனான். மீதி மூன்று பேர்? அவர்களுக்கும் ஆறு வருஷந்தான். போனவனின் நியாயம் இருப்பவர்களின் நியாயத்தைக் குறைத்துவிட்டது. இங்கே தவறு செய்தவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். சேர்த்துப் பார்த்தால் ஒரு தீங்கு நடந்திருக்கிறது. நம் அறவுணர்வு பெரும்பாலும் குற்றவாளியைத் தேடியே பழகியது. குற்றவாளி இல்லாத தீங்கைக் கண்டால் ‘என்ன செய்வது, காலம் அப்படி’ என்று நகர்ந்துவிடுகிறது. நான் மறுப்பது அந்த நகர்தலைத்தான். தவறு செய்யாதவருக்கும் கடன் இருக்க முடியும். நான் போன வழியில் ஒருவர் இடறி விழுந்தால், நான் தள்ளவில்லை என்பது உண்மை. கை கொடுக்க வேண்டியதில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? குடும்பங்களின் மீது கோடு போடுவதை நான் ஏற்கவில்லை. பின்வரிசைக்காரர் சொன்னது சரி. தேசியப் பள்ளியும் சீனப் பள்ளியும் திறந்திருக்கும் நாட்டில், தமிழ்ப்பள்ளிக்குள் மட்டும் எல்லை போட்டால் இழப்பு தமிழ்ப்பள்ளிக்கே. அதோடு, அந்தக் கோடு கடைசியில் யாரைப் பிடித்து வைக்கும்? வேறு வழியில்லாதவரைத்தான். ஆனால் பள்ளிகளின் மீது கோடு போடலாம். இதற்கு மேல் சேர்க்க மாட்டோம் என்று நெரிசலான பள்ளியின் வாரியமும் தலைமையாசிரியரும் ஓர் எண்ணைச் சொல்லி, அடுத்து வருபவரைப் பக்கத்துச் சிறிய பள்ளிக்குத் தாங்களே அழைத்துப் போய் அறிமுகப்படுத்தலாம். இன்று பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பள்ளியின் வெற்றியாக எண்ணுகிறோம். 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு ஒழிந்தபோது, எத்தனை ‘ஏ’ என்று கேட்பது நின்றுவிடும் என்று சிலர் நம்பினோம். அந்த இடத்துக்குக் கட்டடத்தின் உயரமும், போட்டிப் பதக்கங்களோடு நிற்கும் படங்களும் வந்தன. நிரம்பி வழியும் பள்ளி நல்ல பள்ளி என்ற எண்ணம் மாறாதவரை எந்த இலாகாவின் கோடும் நிற்காது.

ஒரு குடும்பம் தனியாகச் சிறிய பள்ளிக்குப் போகத் தயங்குவதும் நியாயமே. ஒரே தாமானில் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து முடிவெடுத்தால் அந்தத் தாய் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்: பந்து விளையாட ஆள் இருக்கும். பள்ளிகளை ஜனங்கள் வாழும் இடத்துக்கு மாற்றுவதையும் நான் ஆதரிக்கிறேன். பள்ளி மண்ணுக்குச் சொந்தமில்லை, பிள்ளைகளுக்குச் சொந்தம். ஆனால் உரிமத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும்போது, பழைய இடத்தில் மிஞ்சும் சிலரை எந்த வண்டி ஏற்றிப் போகும் என்பதற்குப் பதில் இருந்தாக வேண்டும். திறப்பு விழா அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே.

இந்த இடத்தில் ஒரு பழைய எண் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயதுவரை 10 பிள்ளைகள் இருந்தாலே நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அன்பினால் அல்ல. கூலிகள் குடும்பத்தோடு வந்து தங்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. பல இடங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகை. பாடம் சொன்னவர் கிராணியோ கங்காணியோ. ஆனாலும் பத்து என்பது ஒரு பள்ளிக்குப் போதுமான எண் என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. லயத்து வீட்டிலிருந்து பிள்ளை நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருந்தது.

நூறு ஆண்டு கழித்து, படித்து, சங்கம் வைத்து, வாரியம் அமைத்து இருக்கும் நாம், ‘பத்துப் பிள்ளைக்கு ஒரு பள்ளியா?’ என்று கேட்கிறோம். செலவுக் கணக்கில் அது சரியான கேள்விதான். ஆனால் அந்தப் பத்துப் பேர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அநேகமாக அவர்கள் வேன் கட்டணம் கட்ட முடியாதவர்களின் பிள்ளைகள்.

எங்கள் பகுதி வேன் ஓட்டுநரிடம் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது, காலையில் பிள்ளைகளைப் பெரிய பள்ளியில் இறக்கிவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “சும்மாதான் திரும்பி வருவேன் சார், காலியா” என்றார். அவர் திரும்பும் சாலை எங்கள் சிறிய பள்ளியின் வாசலைத் தொட்டுத்தான் வருகிறது. பாதை இருக்கிறது, வண்டி இருக்கிறது. அந்த வண்டி முதல் நடையில் சிறிய பள்ளிக்கும் சிலரை ஏற்றிப் போக, அவர்களின் கட்டணத்தைக் கோட்டைத் தாண்டிப் போகும் குடும்பங்கள் மாதம் பத்து ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்துப் பகிர்ந்துகொள்ளலாம். அது தர்மக் கணக்கில் வராது. கடன் கணக்கில் வரும். இதற்கு மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதி வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.