சொல்லாமல் விடுவதும் தீங்கே

2025 செப்டம்பர் 17 அன்று உலக நோயாளர் பாதுகாப்பு நாள் வந்துபோனது. பச்சிளங் குழந்தை முதற்கொண்டு ஒவ்வொரு குழந்தைக்கும் பாதுகாப்பான மருத்துவம் என்பதே உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டுக்குக் குறித்த கருப்பொருள். அதே வாரங்களில்தான் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீர் நின்று, சிறுநீரகம் செயலிழந்து, அடுத்தடுத்து மாண்டுகொண்டிருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள். அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதைச் சோதித்த தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, டைஎத்திலீன் கிளைகால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு கலந்திருந்ததைக் கண்டது. 0.1 விழுக்காட்டைத் தாண்டவே கூடாத பொருள் அது.

நஞ்சு கலந்த ஆலைக்குச் சட்டம் தண்டனை தரட்டும். அதன் உரிமையாளர் கைதானார், உரிமமும் ரத்தானது. ஆனால் அறத்தின் கேள்வி ஆலை வாசலோடு முடிவதில்லை. சளி மருந்துகளில் வழக்கமாகச் சேரும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கூட்டை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அதை லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்று 2023 டிசம்பரிலேயே மத்திய அரசு அறிவுறுத்தியிருந்தது. அந்த எச்சரிக்கை எத்தனை தாய்மார்களின் காதுக்கு எட்டியது? மருந்துக்குப் பின் குழந்தையின் சிறுநீர் குறைந்தால் ஒரு வேளைகூடத் தாமதிக்காமல் ஓடிவர வேண்டும் என்று எத்தனை மருந்துச் சீட்டுகளோடு சொல்லப்பட்டது?

தன் உடலுக்குள் செல்வது எது, அதனால் வரும் நன்மை என்ன, வரக்கூடிய கேடு என்ன என்று அறிவது நோயாளியின் உரிமை. அதைப் புரியும் மொழியில் சொல்வது மருத்துவம் செய்வோரின் கடமை. சொல்லாமல் விடுவதும் தீங்கு செய்வதே. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

இது மேனாட்டார் கற்றுத்தந்த புதுப் பாடம் அன்று. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர். அந்த வரிசையில் முதலில் நிற்பவர் நோயாளி. சரக சங்கிதையும் இதே நான்கைச் சொல்கிறது. அதோடு நல்ல நோயாளிக்குரிய குணங்களையும் பட்டியலிடுகிறது: நினைவாற்றல், சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தன் நோயை எடுத்துச் சொல்லும் திறம். மருத்துவர் முன்னே கைகட்டி வாய்பொத்தி நிற்பவரை நல்ல நோயாளி என்று நம் முன்னோர் கருதவில்லை. எவர் சொல்லக் கேட்டாலும் அதன் மெய்ம்மையை ஆராய்ந்து தெளிவதே அறிவு என்று குறளின் அறிவுடைமை அதிகாரம் அறிவிக்கிறது. 'எவர்' என்பதில் வெள்ளை அங்கி அணிந்தவரும் அடக்கம்.

சொல்லாமையின் விலை என்ன என்பதை 2018 டிசம்பரில் சாத்தூர் காட்டியது. அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அதைக் கொடுத்த இளைஞருக்கு 2016 ரத்ததான முகாமிலேயே தொற்று தெரியவந்திருந்தும், அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தெரிந்ததும் அந்த இளைஞரே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அந்த மாத இறுதியில் அந்த இளைஞர் இறந்துபோனார். படித்தவர்களும் பதிவேடுகளும் நிறைந்த ஓர் அமைப்பு செய்யாத கடமையை ஓர் எளிய இளைஞர் செய்தார். 2019-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. இழந்த நலத்தை எந்தப் பணம் மீட்கும்? தவறு என்று தெரிந்த நொடியில் அவையோர் முன்பே தன் குற்றத்தை ஏற்று உயிர்விட்ட பாண்டியனைச் சிலம்பு நமக்குக் காட்டியிருக்கிறது. இன்று யாரும் உயிர்விட வேண்டாம். நடந்த பிழையை மறைக்காமல் சொன்னால் போதும்.

மறுதரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசல்வரை நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் விளக்க நேரம் ஏது, பக்கவிளைவைச் சொன்னால் பயந்து மருந்தையே விட்டுவிடுவார்களே என்பார்கள். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையாகும் என்ற வள்ளுவரையும் துணைக்கு அழைப்பார்கள். அக்குறளின் நிபந்தனையே குற்றமற்ற நன்மைதான். குழந்தையின் உயிரைப் பணயம் வைக்கும் மௌனத்தில் குற்றமற்றது எது? நேரம் போதாதென்றால் செவிலியரையும் மருந்தாளுநரையும் பெருக்குவதே தீர்வு. நோயாளியை இருட்டில் வைப்பது அன்று.

சட்டமும் அறத்தின் பக்கமே நிற்கிறது. போதிய விளக்கம் தராமல் பெறும் ஒப்புதல் செல்லாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-ல் தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் பதினேழு உரிமைகளைச் சொல்கிறது. ஆனால் சுவரில் ஒட்டப்படும் சாசனம் வாய்மொழியாக வீடு சேர வேண்டும். வீடு தேடி மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர், கூடவே நாலு எச்சரிக்கை வார்த்தையும் தரலாம். மகளிர் குழுக் கூட்டத்திலும் கிராம சபையிலும் கால் மணி நேரம் இதற்கென ஒதுக்கலாம். மருந்தின் பாதகத்தைப் பொதுமக்களே தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது; அதை மருந்துக் கடைதோறும் தமிழில் எழுதி வைக்கலாம்.

மக்களுக்கும் கடமை உண்டு. மனுநீதிச் சோழன் கட்டிய மணியை ஒரு பசு வந்து அடித்ததாகக் கதை சொல்கிறோம். வாயுள்ள நாம் கேட்கக் கூசுகிறோம். இது என்ன மருந்து, இந்த வயதுக்கு ஆகுமா, எத்தனை நாள், என்ன தெரிந்தால் உடனே வர வேண்டும் என்ற நான்கையும் கேட்காமல் மருத்துவர் அறையை விட்டு எழ வேண்டாம். கேட்பவரைக் கடிந்துகொள்ளும் மருத்துவர் தம் தொழிலுக்கே இழுக்குச் சேர்க்கிறார். கடிந்துகொள்வார் என்று அஞ்சிக் கேட்காதிருப்பவர் தம்மை நம்பிய பிள்ளைக்குத் தாமே துரோகம் செய்கிறார்.