பிறந்த ஆண்டும் ஓர் அமானத்தே

 

சிங்கப்பூரில் 2021 ஜனவரி 1 முதல் 21 வயது நிறையாதவருக்குச் சிகரெட் விற்பது குற்றம். கல்லாவின் முன் நிற்கும் வாலிபர் மீது ஐயம் தோன்றினால், அடையாள அட்டையைக் கேட்கிறோம். வயது போதாதென்றால் "இல்லை தம்பி" என்று அனுப்பிவிடுகிறோம். நல்லதே.

அன்றிரவு நம் வீட்டில் நடப்பதென்ன? பத்து வயது மகன் கைத்தொலைபேசியை நீட்டி, "வாப்பா, பிறந்த வருஷம் கேட்கிறது" என்கிறான். களைத்து வந்த நாம், நமது பிறந்த ஆண்டையே போட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறோம். ஊரார் பிள்ளைக்குக் கடையில் அடைத்த கதவை, சொந்தப் பிள்ளைக்கு வீட்டில் நாமே திறந்துவிடுகிறோம்!

ஆப்பிள், கூகல் முதலிய ஐந்து செயலிக் கடைகள், பெரியவர்களுக்கான செயலிகள் 18 வயதுக்குட்பட்டோர் கையில் சேராதபடி வயதை உறுதிசெய்யும் ஏற்பாட்டை 2026 மார்ச் 31க்குள் செய்ய வேண்டுமென்று, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் கெடு விதித்தது. சட்டப் பொறுப்பு அந்தக் கடைகளுடையதுதான். பெற்றோர் என்ன ஆண்டைப் போட்டார் என்று விசாரிக்க எந்த அதிகாரியும் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆனால் நமது கணக்கு அதிகாரியோடு முடிவதா?

திருமறையின் நிஸா அத்தியாயம் ஆறாம் வசனத்தைச் சிந்தியுங்கள். எத்தீம் பிள்ளைகள் பருவமடையும்வரை அவர்களைச் சோதித்து வந்து, பகுத்தறிவு கண்ட பின்னரே அவர்களது பொருளை ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான். பிள்ளையின் சொந்தப் பொருளுக்கே காலம் பார்க்க வேண்டுமானால், சூதும் ஆபாசமும் அந்நியர் பேச்சும் புகுந்துவரும் வாசலுக்குக் காலம் பார்க்க வேண்டாமா?

உஹது யுத்தத்தின்போது உமர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ்வுக்கு வயது 14. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ் யுத்தத்தின்போது வயது 15, அனுமதித்தார்கள். உமரின் மகன் என்பதற்காகக் கணக்குத் தளர்த்தப்படவில்லை. ஆசை எவ்வளவு தூயதாயினும், வயது வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

"ஒரு விளையாட்டுக்குத்தானே, பிள்ளை அழுகிறானே" என்பீர்கள். அழுகை ஒரு நாளில் அடங்கும். வேண்டியது கிடைக்கப் பொய் சொல்லலாம் என்று தகப்பனிடம் கற்ற பாடம் அடங்குமா? நாளை அவன் நம் கல்லாவில் அமரும்போது, அந்தப் பாடத்தையும் உடன் கொண்டுவருவானே!

கைத்தொலைபேசி விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல்: கணக்குத் திறந்து கொடுக்கையில் அவசரத்துக்கு ஏதோ ஓர் ஆண்டைப் போடாதீர்கள். அது வாங்குபவரின் அமானத்.

இன்றிரவே பிள்ளையை அருகே அழைத்து, அவன் பார்த்திருக்கத் தவறான ஆண்டைத் திருத்துவோமாக. நமது தராசையும் நாவையும் அல்லாஹ் நேராக்கி வைப்பானாக! ஆமீன்.