ஓடும் தண்ணீர் சுத்தம்தானா?

அல்ஹம்து லில்லாஹ்! வானிலிருந்து நீரை அளவோடு இறக்கி, அதைப் பூமியிலே தங்கவும் ஓடவும் செய்து, உயிருள்ள ஒவ்வொன்றையும் அதைக்கொண்டு வாழவைக்கும் அல்லாஹுத் தஆலாவுக்கே புகழனைத்தும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

 

ஒரு நாள் மதரஸாவில் ஒளுவின் சட்டங்களைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஓடும் தண்ணீரில் நஜீஸ் விழுந்தாலும், அதன் நிறமோ ருசியோ வாடையோ மாறாதவரை அது சுத்தமானதே என்ற ஹனஃபி மத்ஹபின் சட்டத்தைச் சொல்லி முடித்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

"ஹஜ்ரத், எங்க வீட்டுக்குப் பின்னால வாய்க்கால் ஓடுதே, அதுல ஒளு செய்யலாமா?"

பிள்ளைகளெல்லாம் சிரித்துவிட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய வாய்க்கால் அது. அவன் விடவில்லை. "எங்க நன்னா சின்னப் பிள்ளையா இருக்கும்போது அதுலதான் ஒளு செஞ்சாங்களாம். அப்ப செஞ்சது கூடும்னா, இப்ப ஏன் கூடாது?" என்றான்.

"வாடை மாறிவிட்டதல்லவா, அதனால் கூடாது" என்று சட்டத்தைச் சொல்லி அவனை உட்கார வைத்தேன். சட்டம் சரிதான். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நன்னா ஒளு செய்த தண்ணீரைப் பேரன் தொடக்கூட முடியாதபடி மாற்றியது யார்? இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லையே!

மூன்று அடையாளங்கள்

மதீனாவில் புளாஆ என்றொரு கிணறு இருந்தது. அதில் அசுத்தங்கள் விழுவதைச் சொல்லி, அதன் நீரில் ஒளு செய்யலாமா என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் தோழர்கள் கேட்டார்கள். தண்ணீர் சுத்தப்படுத்தக் கூடியது என்ற கருத்தில் அண்ணலார் பதிலளித்ததாக அபூதாவூத், திர்மிதி நூல்களில் வருகிறது. இதை விரித்த இமாம்கள், நஜீஸால் நிறம், ருசி, வாடை ஆகிய மூன்றில் ஒன்று மாறிவிட்டால் அந்நீர் அசுத்தமே என்பதில் ஒன்றுபட்டார்கள். தேங்கிய நீரின் அளவை ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்து என்றும், ஹனஃபி மத்ஹபில் பத்துக்குப் பத்து முழம் என்றும் வகுத்தார்கள்.

இன்னும் நுட்பமாகப் பாருங்கள். மண் கலந்தும், பாசி படிந்தும், இலை ஊறியும் நிறம் மாறிய தண்ணீரை அவர்கள் அசுத்தம் என்று சொல்லவில்லை. வைகையில் புதுவெள்ளம் செந்நிறமாக வரும்போது அது அழுக்கல்ல. நீரிலேயே பிறந்து வாழும் மீனும் தவளையும், ஓடும் இரத்தமில்லாத பூச்சிகளும் நீரில் செத்துக் கிடந்தாலும் அதனால் நீர் கெடாது என்றும் எழுதி வைத்தார்கள். ஆக, தண்ணீரை உற்றுப் பார்ப்பதும், முகர்ந்து பார்ப்பதும், அதில் என்ன உயிர் இருக்கிறது என்று கவனிப்பதும் நம் பிக்ஹு நூல்களின் முதல் பாடம். கிதாபுத் தஹாரத் எங்கே தொடங்குகிறது? தண்ணீரில்தானே!

ஆற்றின் நாடி

ஒளு கூடுமா என்பதற்கு இந்த மூன்று அடையாளங்கள் போதும். குடிக்கலாமா, அந்த ஆறு உயிரோடு இருக்கிறதா என்பதற்குப் போதுமா? போதாது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள் என்பது திருமறை தரும் ஒழுக்கம். கேட்போம்.

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல ஆற்றுக்கும் நாடி பார்க்கிறார்கள். நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுதான் முதல் நாடி. சாக்கடை கலந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி அந்த வாயுவை உறிஞ்சிவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரை ஐந்து தரங்களாகப் பிரித்திருக்கிறது. கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தக்க முதல் தரத்துக்கு ஒரு லிட்டரில் 6 மில்லிகிராம் பிராணவாயுவாவது இருக்க வேண்டும். குளிக்கத் தக்க இரண்டாம் தரத்துக்கு 5. மீன் வளரத் தக்க நான்காம் தரத்துக்கு 4. குளிக்கும் நீரின் 100 மில்லி லிட்டரில் கோலிபார்ம் கிருமிகள் 500க்கு மேல் இருக்கலாகாது. கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் இக்கிருமி ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும். கண்ணுக்கும் மூக்கிற்கும் அது தெரியாது!

ஆனால் புட்டியில் பிடித்த நீர் பிடித்த நேரத்தின் கதையை மட்டுமே சொல்லும். நள்ளிரவில் ஒருவன் கழிவைத் திறந்துவிட்டு விடியுமுன் அடைத்துவிட்டால், காலையில் பிடித்த நீர் அவனைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். காட்டிக்கொடுப்பது யார் தெரியுமா? கல்லுக்கடியில் வாழும் பூச்சிகள்! ஓட்டத்துக்குக் குறுக்கே சிறு வலையைப் பிடித்து, அதற்கு மேற்புறமுள்ள கற்களைப் புரட்டிக் கிளறி, வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுகிறார்கள். மே ஈ, கல் ஈ என்று சொல்லப்படும் பூச்சிகளின் குஞ்சுகள் பிராணவாயு நிறைந்த நல்ல நீரில்தான் வாழும். சாக்கடை பெருகினால் இவை முதலில் மறையும். சேற்றில் நெளியும் செம்புழுக்களே மிஞ்சும். மாதக்கணக்கில் அங்கேயே வாழ்கிற இவை, நேற்று நடந்ததற்கும் போன மாதம் நடந்ததற்கும் சாட்சிகள். இங்கிலாந்தில் 1970களின் பிற்பகுதியில் இப்பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து ஆற்றை அளக்கும் முறை உருவாயிற்று. நம் வாரியமும் அதைத் தழுவியே உயிரியல் சோதனை முறையை வகுத்தது.

நம் மதுரைக்கு இதில் பெருமையுண்டு. மதுரைக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த கே. ஜி. சிவராமகிருஷ்ணன் அவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் பூச்சிகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அயல்நாட்டு அளவு முறைகள் காவிரி நீர்ப்பிடிப்புக்குப் பொருந்துமா என்று அவரும் துணை ஆய்வாளர்களும் சோதித்த ஆய்வு 1996ல் வெளிவந்தது. அல்லாஹ் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்று ஓதுகிறோம். கல்லடிப் பூச்சியிலும் அவன் ஓர் அத்தாட்சியை வைத்திருக்கிறான்!

கப்பலின் கீழ்த்தளம்

வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகை, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களைத் தொட்டு, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் நடந்து, அழகன்குளத்துக்கு அருகே கடலை அடைகிறது. 1895ல் பெரியாறு அணை நிறைவேறி, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து இதில் திருப்பப்பட்டது. 1959ல் வைகை அணை திறக்கப்பட்டது. இத்தனை உழைப்பில் வந்துசேரும் தண்ணீரில், நகருக்குள் நுழைந்ததும் நாம் என்ன கலக்கிறோம்? கிருதுமால் நதி என்று பெயர் பெற்றிருந்தது நகருக்குள் சாக்கடையாகிவிட்டது. ஆற்றிலே மணல் தெரிய வேண்டிய இடத்தில் ஆகாயத்தாமரை படர்ந்து நிற்கிறது. அயிரை மீனுக்குப் பேர்போன ஊரில், அயிரை துள்ளிய வாய்க்கால்களில் இன்று என்ன துள்ளுகிறது?

நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன உவமை ஒன்று புகாரியில் வருகிறது. ஒரு கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இருந்தார்கள். தண்ணீருக்காக மேலே போய் வந்து தொந்தரவு தருவானேன் என்று, தங்கள் பகுதியிலேயே துளையிட்டுக்கொள்ளக் கீழ்த்தளத்தார் நினைத்தார்கள். மேலிருப்போர் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். ஆறும் அப்படித்தான். மானாமதுரையும் பரமக்குடியும் இராமநாதபுரமும் நமக்குக் கீழ்த்தளத்தார். இங்கோ மேல்தளத்தாராகிய நாமே துளையிடுகிறோம்! தண்ணீர்த் துறையிலும், பாதையிலும், நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித்தரும் செயல் என்று எச்சரித்த நபியின் உம்மத்தல்லவா நாம்?

குழாய் எங்கே போகிறது?

இனி ஒரு வெட்கத்தைச் சொல்கிறேன். அந்தப் பையன் கேட்ட மறுவாரம், மோதினாரை அழைத்துக்கொண்டு அந்த வாய்க்கால் கரையோரம் நடந்தேன். வீடுகளின் குழாய்கள், பட்டறைகளின் குழாய்கள், கறிக்கடைக் கழிவு. எண்ணிக்கொண்டே வந்த மோதினார் ஓரிடத்தில் நின்றுவிட்டார். சிமெண்டுச் சுவருக்குள்ளிருந்து ஒரு பெரிய குழாய் வாய்க்காலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. "ஹஜ்ரத், இது நம்ம பள்ளிவாசல் கக்கூஸ் குழாய்" என்றார்.

சகோதரர்களே! ஐந்து வேளையும் மூன்று மூன்று முறை கழுவிச் சுத்தமாகி, உள்ளே போய் ஸஃப்பில் நிற்கிறோம். வெளியே நம் நஜீஸ் அடுத்தவன் வீட்டு வாசலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது! தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்தார்கள் நம் நபி. குழாய் வழியாகக் கழித்தால் மட்டும் ஆகுமா? பையனிடம் நான் சொல்லாமல் விட்ட பதில் அந்தக் குழாயிலே இருந்தது. ஜமாஅத்தில் எடுத்துச் சொன்னேன். சிலர் செலவைக் காட்டினார்கள். "எல்லோரும் விடுகிறார்கள், நாம் மட்டும் அடைத்து என்ன ஆகும்?" என்றார்கள் சிலர். மஹ்ஷரில் எல்லோரையும் சேர்த்தா கணக்குக் கேட்கப்படும்? பல மாதம் பேசி, பாதாளச் சாக்கடையோடு இணைத்தோம். வாய்க்கால் இன்றும் நாறத்தான் செய்கிறது. ஆனால் அதில் நம் பள்ளிவாசலின் பங்கு இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு முத்தவல்லியும் தம் பள்ளிவாசலின் கழிவுக் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று தாமே போய்ப் பார்க்கட்டும். ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம் வீட்டுக் குழாயைப் பார்க்கட்டும்.

இரண்டாவது, பக்ரீத் குர்பானி. குடலையும் இரத்தத்தையும் வாய்க்காலில் தள்ளுவது இபாதத்தின் கடைசியில் செய்யும் பாவம். மஹல்லாவே கழிவைச் சேர்த்துப் புதைக்கவோ மாநகராட்சியிடம் ஒப்படைக்கவோ முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூன்றாவது, கண்காணிப்பு. முற்காலத்தில் முஹ்தஸிப் என்ற அதிகாரி தண்ணீர் சுமப்போரையும் கண்காணித்தார். கரையோர அழுக்கு நீரை மொள்ளாமல் உள்ளே இறங்கி நல்ல நீரை எடுக்கிறார்களா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. இன்று 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், 1982 முதல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இருக்கின்றன. ஆனால் அதிகாரி மாதம் ஒருமுறை வருவார். நாமோ தினமும் அங்கேயே வாழ்கிறோம். மாதந்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று, நிறம், வாடை, நுரை, மீன், தட்டான் என்று கண்டதை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். நகருக்கு மேற்கே துவரிமான் பக்கமும், கிழக்கே விரகனூர் பக்கமும் பார்த்து எழுதினால் இடையில் நாம் செய்தது தெரிந்துவிடும். சமவெளி ஆற்றை மலை ஓடையோடு ஒப்பிட வேண்டாம். மேற்கையும் கிழக்கையும் ஒப்பிடுங்கள். பிள்ளைகளைச் சாக்கடை நீரில் இறக்காதீர்கள், கரையிலிருந்தே பார்க்கட்டும். ஒரு வருட நோட்டோடு போய்ப் புகார் கொடுத்தால் அது வெறும் வாய்ப்பேச்சாக இராது. இதில் அண்டை வீட்டு இந்து, கிறிஸ்தவ சகோதரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு எல்லோருக்கும் அமானிதம்.

ஹள்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்பு செய்தார்கள். கிணறு வாங்க நம்மிடம் பொருள் இல்லாமலிருக்கலாம். இருக்கிற தண்ணீரைக் கெடுக்காமல் விடுவதற்குமா பொருள் வேண்டும்?

அந்தப் பையனிடம் பிறகு சொன்னேன்: "தம்பி, அந்தத் தண்ணீரில் ஒளு கூடாமல் ஆனதில் எங்களுக்கும் பங்கு உண்டு. எங்கள் பங்கை நிறுத்திவிட்டோம். மீதியை நீ நோட்டில் எழுதிக்கொண்டு வா." இப்போது மாதம் ஒருமுறை எழுதி வருகிறான். போன மாதம், "தட்டான் ஒன்று பார்த்தேன்" என்று எழுதியிருந்தான். ஒரு தட்டானால் தண்ணீர் சுத்தமாகிவிடாது என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் எழுதியிருந்தான்.

யா அல்லாஹ்! நீ சுத்தமாக இறக்கிய நீரை அசுத்தமாக உன்னிடம் திருப்பித் தந்தவர்களின் கூட்டத்தில் எங்களை எழுப்பிவிடாதே! எங்கள் வைகையையும் வாய்க்கால்களையும், எங்களுக்குக் கீழே வாழும் மக்களின் ஹக்கையும் பேணி நடக்கும் தௌபீக்கைத் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.