கலைஞன் யாருக்குக் கடன்பட்டவன்?

ஒரு பாட்டு பாடியவனுடைய உடைமையா, கேட்டவனுடைய உடைமையா? இவ்வினாவை எழுப்பினால், பாடியவனுடையதே என்று பலரும் விரைந்து விடை கூறுவர். ஆயினும் நம் நடத்தை அவ்விடைக்குப் பொருந்துவதாக இல்லை. நாம் விரும்பும் பாடகர் ஒருவர் தம் பாணியை மாற்றிக்கொண்டால் நாம் சினம் கொள்கிறோம். 'இவர் பழையபடி இல்லை' என்கிறோம். நம்மிடமிருந்து எதையோ அவர் பறித்துக்கொண்டதுபோல் பேசுகிறோம். பறிகொடுத்த உணர்வு இருக்குமானால், அதற்கு முன்பே உடைமை உணர்வும் இருந்திருக்க வேண்டும் அன்றோ?

இந்த உணர்வு நேரியதுதானா? கலைஞன் தன்னைச் சுவைப்பவர்க்கு எதைக் கடன்பட்டிருக்கிறான்? எதைக் கடன்படவில்லை? இவற்றை வெறுங் கருத்தாக வைத்துப் பேசுவதைவிட, நிகழ்ந்த ஒன்றன்மேல் வைத்து ஆராய்தல் நன்று. ஆங்கிலப் பாடகர் ஜார்ஜ் ஹாரிசன் 1973-ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்று அவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றதாகும்.

இரண்டாம் இசைத்தட்டு

ஹாரிசன் 1943-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தவர். உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் குழுவின் நால்வருள் வயதில் இளையவர். அக்குழுவின் பாடல்களுள் பெரும்பாலானவற்றை ஜான் லென்னனும் பால் மெக்கார்ட்னியுமே இயற்றினர். ஹாரிசனின் பாடல்களுக்குக் கிடைத்த இடம் சிறிது. 1966-இல் பண்டித ரவிசங்கரைச் சந்தித்துச் சித்தார் பயின்றார். இந்திய மெய்ப்பொருளியலிலும் ஈடுபாடு கொண்டார்.

1970-இல் குழு பிரிந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே மூன்று தட்டுகள் கொண்ட ஒரு பெருந்தொகுப்பை அவர் வெளியிட்டார். 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்பது அதன் பெயர். பல ஆண்டுகளாக இடம் கிடைக்காமல் தேங்கிக் கிடந்த பாடல்கள் அணை உடைந்த வெள்ளம்போல் அதில் பாய்ந்து வந்தன. 1971 ஆகஸ்டு 1-ஆம் நாள், ரவிசங்கரின் வேண்டுகோளை ஏற்று, வங்காளதேச ஏதிலியருக்காக நியூயார்க்கில் பெரும் இசை நிகழ்ச்சி ஒன்றையும் நடத்தினார். இவ்விரண்டாலும் அவர்மீது மக்கள் வைத்த எதிர்பார்ப்பு மலையளவு உயர்ந்தது.

அந்த எதிர்பார்ப்பின் நடுவேதான், குழு பிரிந்தபின் அவர் தனித்துப் பதிவுசெய்த பாடல் தொகுப்புகளுள் இரண்டாவது, 1973-இன் நடுப்பகுதியில் வெளிவந்தது. 'லிவிங் இன் தி மெட்டீரியல் வேர்ல்ட்' என்பது அதன் பெயர். 'பொருளுலகில் வாழ்தல்' என்று நாம் அதைத் தமிழில் கூறலாம். முதல் தொகுப்பில் இருந்த பேரோசை இதில் இல்லை. அதனை உடனிருந்து உருவாக்கிய ஃபில் ஸ்பெக்டர் இதில் ஒரு பாடலுக்கு மட்டுமே துணைநின்றார்; ஏனையவற்றை ஹாரிசன் தாமே பொறுப்பேற்று, குறைந்த எண்ணிக்கையிலான கலைஞர்களைக் கொண்டு பதிவு செய்தார். தலைப்புப் பாடலில் இளைஞரான ஜாகிர் உசேன் தபலா வாசித்தார். உறையினுள் கண்ணன் தேரோட்டும் கீதைக் காட்சி ஓவியமாக இடம்பெற்றது.

பாடல்களின் பொருளும் மாறியிருந்தது. புகழும் செல்வமும் ஒரு மனிதனுக்குள் எழுப்பும் குழப்பம், நண்பர்களுக்கிடையே எழுந்த வழக்குகள், இக்கணத்தில் நிலைத்திருத்தல், இறைவனை நாடுதல் ஆகியவையே அவற்றின் உள்ளடக்கம். 'நீ மாறிவிட்டாய்' என்று தம்மைக் குறைகூறுவோரைப் பற்றியே ஒரு பாடல் பேசுகிறது. தம் உணர்வு தமக்கே உரியது என்பதை உணர்வார் யார் என்று இன்னொரு பாடல் ஏங்குகிறது. நாம் எடுத்துக்கொண்ட வினா அந்தத் தட்டுக்குள்ளேயே எழுப்பப்பட்டிருந்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது.

விற்பனையில் அத்தட்டு தோற்கவில்லை. அமெரிக்காவில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அமைதி வேண்டிப் பாடிய அதன் தொடக்கப் பாடலும் அங்கு முதலிடம் பெற்றது. ஆனால், வாங்கியவர் அனைவரும் ஒரே மனத்தோடு கேட்டனர் என்று கூறுவதற்கில்லை.

சுவைஞர் கொண்ட பிரிவு

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற நாளில், விடுதித் தோழர் ஒருவரிடம் இத்தட்டின் ஒலிநாடா இருந்தது. இரவு உணவுக்குப்பின் அதை அவர் ஒலிக்கச் செய்வார். ஒருவர் கண்மூடிக் கேட்பார். ஒருவர், "சொற்பொழிவு தொடங்கிவிட்டது" என்று எழுந்து செல்வார். தட்டு வெளிவந்த நாளில் மேலைநாட்டு இரசிகரிடையே எழுந்த பிளவின் சிறிய படியே எங்கள் அறையிலும் இருந்தது என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன்.

ஒரு சாரார் இத்தட்டைப் போற்றினர். அமெரிக்க இதழான 'ரோலிங் ஸ்டோன்' அதனைப் புகழ்ந்து எழுதியது. ஆரவாரத்தைத் துறந்து, ஒரு மனிதன் தன் நெஞ்சோடு தானே பேசுவதைக் கேட்கிறோம் என்பது இவர்தம் கருத்து. கிட்டாரின் நரம்பொலி முன்னைவிடத் தெளிவாகவும் கனிவாகவும் இருக்கிறது என்றும் இவர்கள் கூறினர்.

மற்றொரு சாரார் சலித்துக்கொண்டனர். பாடல்கள் மெதுவாகச் செல்கின்றன, ஒன்றைப்போலவே மற்றொன்று இருக்கிறது, முன்னைத் தொகுப்பின் பெருமிதம் இதில் இல்லை என்றனர். கேட்பவரைத் திருத்த முனையும் தொனி தமக்குப் பிடிக்கவில்லை என்றனர். பெரிய மாளிகையில் வாழ்ந்துகொண்டு பொருளுலகைப் பழிப்பது முரண் அன்றோ என்று சுட்டியவரும் உண்டு.

மூன்றாம் சாராரும் இருந்தனர். இவர்கள் கொள்கையை விட்டுவிட்டுப் பண்ணை மட்டும் சுவைத்தனர். வாதத்தில் கலந்துகொள்ளாத இவர்களின் குரல் எங்கும் பெரிதாகக் கேட்பதில்லை. எந்தக் காலத்திலும் தொகையில் இவர்களே மிகுதி என்பது என் எண்ணம்.

கடனும் உரிமையும்

இனி வினாவுக்கு வருவோம். விலை கொடுத்து வாங்கியவனுக்கு உரிமை ஏதும் இல்லையா? உண்டு. தச்சனிடம் நாற்காலி வாங்குகிறோம். கால் ஆடினால் குறைகூறும் உரிமை நமக்குண்டு. ஆனால், சென்ற ஆண்டு செய்த அதே வடிவத்தில்தான் என்றும் செய்ய வேண்டும் என்று அவனைக் கட்டாயப்படுத்தும் உரிமை நமக்கு இல்லை. பிடிக்காவிடில் வாங்காமல் இருக்கலாம், அவ்வளவே.

கலைஞனும் அவ்வாறே. அவன் நமக்கு இரண்டைக் கடன்பட்டிருக்கிறான். ஒன்று தொழில் நேர்மை. செய்வதைத் தன்னால் இயன்ற அளவு திருந்தச் செய்தல். மற்றொன்று உள்ள நேர்மை. தான் உணராததை உணர்ந்ததுபோல் காட்டாமை. மாறாமல் இருத்தல் என்பது இவ்விரண்டிலும் அடங்காது. மாறிய பின்னும் மாறாதவன்போல் நடித்தால், இரண்டாவது கடனை அவன் தீர்க்காதவன் ஆவான். பழைய ஹாரிசனே வேண்டும் என்று கேட்டவர்கள், தாம் அறியாமலே, பொய்யான ஹாரிசன் ஒருவரைக் கேட்டவர்கள் ஆயினர்.

இப்பிரிவினையை ஓர் எடுத்துக்காட்டால் மேலும் விளக்கலாம். 1974-இன் இறுதியில் ஹாரிசன் ரவிசங்கரோடு வட அமெரிக்காவில் இசைப் பயணம் மேற்கொண்டார். பழைய பீட்டில்ஸ் பாடல்கள் போதிய அளவு இல்லை என்று பலர் குறைகூறினர். அவருடைய குரல் கம்மிப்போயிருந்தது என்றும் குறைகூறினர். இவ்விரு குறைகளும் ஒன்றல்ல. முன்னது சுவைஞனின் ஆசை. பின்னது தொழிலின் குறை. பின்னதைச் சொல்லும் உரிமை நுழைவுச்சீட்டு வாங்கிய ஒவ்வொருவர்க்கும் இருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் கூறியதனால், நேரிய குறையும் நேரற்ற குறையும் வேறுபாடின்றிக் கலந்துபோயின.

அறிவுரைத் தொனி பற்றிய குற்றச்சாட்டை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது. வாரந்தோறும் பள்ளிச் சபைகூடலில் நின்று அறிவுரை கூறுவதையே தொழிலாகக் கொண்டவன் நான். எந்த அறிவுரை நெஞ்சில் இறங்குகிறது, எது காதோடு நின்றுவிடுகிறது என்பதை மாணவர் முகங்கள் எனக்குக் கற்பித்துள்ளன. மேடைமேல் நின்று 'நீங்கள்' என்று தொடங்கும்போது அவர்கள் கால்களை மாற்றி நிற்கத் தொடங்குவர். 'நான் இதில் தவறியவன்' என்று தொடங்கும்போது நிமிர்ந்து பார்ப்பர். இத்தட்டில் இருவகைப் பாடல்களும் உண்டு. தம்மையே வினவிக்கொள்ளும் பாடல்களில் ஹாரிசன் நம்மோடு வரிசையில் நிற்கிறார். சில பாடல்களில் அவர் மேடைமேல் ஏறிவிடுகிறார். ஆகவே போற்றியவரும் சலித்தவரும் ஒரே தட்டின் வெவ்வேறு இடங்களைப் பற்றிப் பேசினர் என்பதே என் முடிபு.

மாளிகைவாசி துறவு பாடலாமா என்பது அடுத்த தடை. தாம் பற்றுகளைக் கடந்துவிட்டதாக அவர் பாடியிருந்தால் அது பொய்யாகும். பற்றுகளுக்கிடையே அகப்பட்டுத் தவிப்பதாகவே தலைப்புப் பாடல் கூறுகிறது. அகப்பட்டவன் அகப்பட்டேன் என்பது முரணன்று, வாக்குமூலம். மேலும், அத்தட்டிலுள்ள பெரும்பாலான பாடல்களின் உரிமை வருவாயை, தாம் அவ்வாண்டில் நிறுவிய அறக்கட்டளைக்கே அவர் அளித்தார். முற்றும் வாழ்ந்து காட்டியவரே அறம் பாட வேண்டும் எனின் உலகில் அறப்பாடல்களே இரா.

என் சிவப்பு மை

இவ்வளவும் கூறும் நான், இதில் நடுவனாக அமரும் தகுதியுடையவனா? ஒரு நிகழ்ச்சியைக் கூறினால் உங்களுக்கு விளங்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குக் கட்டுரை கற்பித்தேன். அவ்வகுப்பில் ஒரு மாணவி நகைச்சுவையாக எழுதுவாள். நேரங்கெட்ட நேரத்தில் கூவும் அண்டைவீட்டுச் சேவலைப் பற்றி அவள் எழுதியதை நான் வகுப்பில் படித்துக்காட்ட, பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தனர். அதன்பின் ஒவ்வொரு வாரமும் அவள் கட்டுரைக்காக வகுப்பே காத்திருந்தது; நானுந்தான்.

பள்ளி விடுமுறையில் அவளை வளர்த்த பாட்டி காலமானார். விடுமுறைக்குப்பின் அவள் எழுதியது பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைப் பற்றியது. அதை நான் படித்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. "ஐயா, சிரிப்புக் கதை இல்லையா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அவன் சிறுவன், கேட்கலாம். நானோ, ஏட்டின் அடியில் சிவப்பு மையால், 'முன்புபோல் நகைச்சுவையாக எழுதுக' என்று எழுதினேன்.

அவள் பணிந்தாள். அடுத்த கட்டுரையில் நகைச்சுவை இருந்தது, சிரிப்பு இல்லை. அதற்கடுத்து, கேட்ட பக்க அளவுக்கு மட்டும் எழுதலானாள். ஆண்டிறுதியில் அவள் ஏட்டைப் புரட்டியபோதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. வெற்றிலைப் பெட்டிக் கட்டுரையில் குறைகள் இல்லாமலில்லை. ஒரே கருத்து இருமுறை வந்திருந்தது. முடிவு திடீரென அறுந்திருந்தது. அவற்றைச் சுட்டியிருந்தால் நான் ஆசிரியன். நான் சுட்டியது என் ஏமாற்றத்தை. ஆகவே அன்று நான் வெறும் இரசிகன். என் இன்பத்தை அவளுடைய கடமையாக மாற்றினேன். உலகப் புகழ்பெற்ற பாடகர் தம் இரசிகரின் ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்ளலாம். பதினொரு வயதுப் பிள்ளை எவ்வாறு தாங்கும்?

முடிவுரை

ஹாரிசன் 2001 நவம்பர் 29-ஆம் நாள் மறைந்தார். 2024-ஆம் ஆண்டில் அத்தட்டு புதிதாகச் செம்மை செய்யப்பட்டு மீண்டும் வெளிவந்தது. அன்று சலித்தவருள் சிலர் இன்று அதை விரும்பிக் கேட்கக்கூடும். அன்று போற்றியவர்க்கு இன்று சில பாடல்கள் நீளமாகத் தோன்றக்கூடும். தட்டு மாறவில்லை, கேட்பவரே மாறியுள்ளனர். மாறும் உரிமையை நமக்கு நாமே தாராளமாக வழங்கிக்கொள்கிறோம். கலைஞனுக்கு வழங்கும்போது மட்டுமே கை சுருங்குகிறது.

இதனால், எதையும் குறைகூறாது ஏற்க வேண்டும் என்பது பொருளன்று. குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து மிகுந்ததைக் கொள்ளுமாறு வள்ளுவர் நமக்குக் கற்பித்திருக்கிறார். ஆராயும்முன் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வோம். இப்படைப்பு திருந்தச் செய்யப்பட்டுள்ளதா? இதில் உள்ள உணர்வு உண்மையானதா? நான் கூறவரும் குறை படைப்பில் உள்ளதா, என் எதிர்பார்ப்பில் உள்ளதா? மூன்றாம் வினாவை எழுப்பாத திறனாய்வு, எத்துணைக் கற்றோர் செய்யினும், சிறுவன் கேட்ட 'சிரிப்புக் கதை இல்லையா' என்பதன் விரிவே ஆகும்.

மாணவர்களே, உங்களுக்குப் பிடிக்காத பாட்டைப் பிடிக்கவில்லை என்று அஞ்சாமல் கூறுங்கள். ஏன் என்பதையும் சேர்த்துக் கூறுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அடுத்த ஏட்டைத் திருத்த எடுக்கும்போது, முன்பு எழுதிய பிள்ளைதான் இதையும் எழுதியிருக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். இடையில் அப்பிள்ளையின் வீட்டில் என்ன நேர்ந்தது என்பதை நாம் அறியோம். அந்தக் கட்டுரைக்கு நான் எழுதியிருக்க வேண்டிய வரி எது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால், அந்த ஏடு என் கையில் இல்லை.