தாயும் சேயும் நலம், அப்புறம்?

பிரசவ அறையிலிருந்து வெளியே வரும் முதல் செய்தி எங்கும் ஒன்றுதான்: "தாயும் சேயும் நலம்." வெளியே காத்திருக்கும் அம்மாவுக்கும் மாமியாருக்கும் கணவனுக்கும் அந்த மூன்று சொற்கள் போதும். "ஆணா, பொண்ணா?" என்ற அடுத்த கேள்வியோடு விசாரணை முடிந்துவிடுகிறது. உள்ளே அவளிடம் யார் என்ன பேசினார்கள், எதைக் கேட்டுச் செய்தார்கள், எதைக் கேட்காமலே செய்தார்கள் என்பதெல்லாம் அந்தச் செய்திக்குள் அடங்குவதில்லை. முடிவு நல்லதாக இருந்துவிட்டால், அந்த முடிவுக்கு வந்து சேர்ந்த விதத்தைப் பற்றிப் பேசும் உரிமை ஒரு பெண்ணுக்கு இல்லாமல் போய்விடுமா? இந்தக் கட்டுரையின் கேள்வி இவ்வளவுதான்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டுப் பெண்ணை அழைத்து வருவார்கள். புதுச்சேரியின் நிலம் தமிழ்நாட்டு நிலத்தோடு துண்டு துண்டாகப் பின்னிக் கிடப்பதால், புகுந்த வீடு பாகூரிலும் தாய்வீடு கடலூர் மாவட்டத்திலும் இருப்பது சாதாரணம். பரிசோதனை அட்டை ஓர் அரசாங்கத்துடையது, பிரசவப் படுக்கை இன்னோர் அரசாங்கத்துடையது என்று ஆகிவிடும். கிராமத்திலேயே இருந்தாலும், மாதாமாதம் ரத்த அழுத்தம் பார்த்து எடை போட்டுப் பழகிய நர்சம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தோடு நின்றுவிடுவார். வலி எடுத்ததும் "பாண்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க" என்பதுதான் வழக்கம். எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர், கையில் காசிருந்தால் தனியார் ஆஸ்பத்திரி. எங்கே போனாலும், வாழ்க்கையின் மிகக் கடினமான இரவில் அவளைத் தொடுகிறவர்கள் அவள் அதுவரை பார்த்திராதவர்கள்.

இதைச் சொல்வதால் ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுப் பிரசவமே மேல் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஆயாக்களின் காலத்தில் பிள்ளைப்பேற்றை மறுபிறப்பு என்றது அணிக்காக அல்ல. பலர் திரும்பி வரவில்லை என்பதால்தான். 2001-03-இல் இந்தியாவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 301 தாய்மார் இறந்தார்கள். 2018-20-இல் அது 97 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 134-லிருந்து 54. ரத்தம் ஏற்றவும், வலிப்புக்கு ஊசி போடவும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்கவும் ஆள் இருந்ததால் வந்த மாற்றத்தில் ஆஸ்பத்திரிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நன்றி எனக்கும் உண்டு. நன்றியும் கேள்வியும் ஒரே வாயில் இருக்க முடியாது என்று நமக்குச் சொல்லித் தந்தது யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் தலைப்பிரசவம் நடந்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பதினான்கு மணி நேரம். அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கையில் டிரிப்ஸ் ஏறியது. எதற்கு என்று கேட்டேன். "வலி வரத்தான்" என்றார்கள். வந்துகொண்டிருந்த வலிக்கு மேல் இன்னும் வலி. எத்தனை பேர் கைவிட்டுப் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். ஐந்துக்கு மேல் எண்ணவில்லை. ஒருவரும் பெயர் சொல்லவில்லை. பக்கத்துப் படுக்கைப் பெண் கத்தியபோது, "அன்னிக்கு இனிச்சுதில்ல, இப்ப எதுக்குக் கத்துற?" என்று ஒரு குரல். பிறகு கத்தரித்தார்கள், தைத்தார்கள். தையல் போடும்போது மரத்துப்போகவில்லை என்றேன். "ரெண்டு தையல்தான், பொறுத்துக்க." மகளைக் காட்டினார்கள். என் சந்தோஷத்தில் கலப்படம் ஏதுமில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் வந்ததால், அதற்கு முன் நடந்தது நடக்காததாகிவிடவில்லை.

"குழந்தை முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துடும்" என்கிறார்கள். இந்தச் சொல்லில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. கருப்பை சுருங்குவதால் வரும் வலி யாருடைய குற்றமும் அல்ல. அது மறந்தால் நல்லதுதான், மறக்காவிட்டாலும் யாரையும் கேட்க முடியாது. ஏச்சும் அறையும் அப்படியல்ல, அவற்றைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். வலியை மறக்கச் சொல்லும் அதே மூச்சில் அவமானத்தையும் மறக்கச் சொல்லும்போது, செய்தவர் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறார். புயல் நிவாரண அரிசி கொடுத்தவர் கூடவே கன்னத்தில் ஒன்று கொடுத்தால், அரிசி வாங்கினாயே, அறையைப் பற்றிப் பேசாதே என்று யாரும் சொல்வதில்லை. பிரசவ அறையில் மட்டும் குழந்தையே எல்லாவற்றுக்கும் நஷ்டஈடாகிவிடுகிறது. குழந்தை நஷ்டஈடு அல்ல. அது அவள் உடலில் விளைந்தது. யாரும் அவளுக்குக் கொடுத்த கூலியுமல்ல.

இரண்டாவது வாதம், "உனக்கென்ன தெரியும்? தலைப்பிரசவம்தானே" என்பது. இதில் ஓர் உண்மை இருக்கிறது. பிள்ளை பெறுவது எப்படி இருக்கும் என்பதைப் பெறாமல் முழுதாக அறிய முடியாது, எல். ஏ. பால் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, தாயாவது போன்ற அனுபவங்களை முன்கூட்டி எடைபோட்டு முடிவெடுப்பதே கடினம் என்று வாதிட்டிருக்கிறார். ஆனால் அறியாதவளுக்காக மற்றவர் முடிவெடுத்துவிடலாம் என்பது இதிலிருந்து வராது. அறியாதவளுக்குத்தான் அதிகமாகச் சொல்ல வேண்டும். நாற்று நடத் தெரியாதவளை வயலில் இறக்கினால், பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்போம். "தெரியாது அல்லவா, வாயை மூடு" என்போமா? 2008-இல் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், நோயாளிக்குப் போதிய விவரம் சொல்லிப் பெறும் ஒப்புதலே ஒப்புதல் என்றும், ஒன்றுக்கு வாங்கிய ஒப்புதலை வேறொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. நம் வார்டுகளிலோ கையெழுத்துக் காகிதம் வெளியே இருக்கும் கணவனிடம் போகிறது. கத்தி உள்ளே இருக்கும் பெண்ணிடம் வருகிறது. 1990-களில் தமிழ்நாட்டுப் பிரசவங்களை ஆராய்ந்த மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், பிரசவம் முடிந்த கையோடு சொல்லாமலே கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்ட பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நலமாகத் திரும்பியவர்கள்தான் அவர்களும்.

"ரத்தம் கொட்டும்போது கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?" என்று மருத்துவர்கள் கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் அவசரம் என்பது சில நிமிடங்கள். தலைப்பிரசவம் என்பது அரை நாளுக்கும் மேல். அந்த நிமிடங்களின் நியாயத்தை முழு நாளுக்கும் நீட்டுவதுதான் அதிகாரம். பெயர் சொல்லிவிட்டுத் தொடுவதற்கும், எதற்கு ஊசி என்று ஒரு வரி சொல்வதற்கும் எந்த அவசரமும் தடையில்லை. பிரசவத்தின்போது பெண்ணுக்குத் துணை ஒருவர் உடனிருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இலேயே வழிகாட்டுதல் தந்தது. எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரிப்பது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. ஆக, நாம் கேட்பது சலுகை அல்ல, எழுதி வைத்திருப்பதைத்தான்.

ஏசிய அந்தக் குரலும் ஒரு பெண்ணின் குரல்தான். இரவெல்லாம் நின்று, ஒரே நேரத்தில் பல படுக்கைகளைப் பார்த்து, மேலே இருப்பவர்களிடம் தானும் ஏச்சு வாங்கும் பெண். அதை மறைக்க வேண்டியதில்லை. அதேசமயம், ஏச்சு எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதுமில்லை. சேலையையும் ஊர்ப்பேச்சையும் பார்த்து "வாங்க"வா, "வாடி"யா என்று முடிவாகிறது. தனியாரில் மரியாதை கிடைக்கிறதே என்பார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 14.3 விழுக்காடு சிசேரியன், தனியாரில் 47.4. ஓரிடத்தில் அதட்டி வாயடைக்கிறார்கள், இன்னோரிடத்தில் "குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று பயத்தால் வாயடைக்கிறார்கள். கட்டணம் வேறு, விளைவு ஒன்று.

இத்தனைக்கும் அடியில் இருப்பது தாய்மையைப் புனிதமாக்கும் பழக்கம். வலியைப் பட்டத்துக்கான பரீட்சையாக்கிவிட்டோம். "மலடிக்குத் தெரியுமா பிள்ளைப்பேற்று வலி" என்ற பழமொழி, பெறாதவளை இழிவு செய்துகொண்டே பெற்றவளையும் கட்டிப்போடுகிறது: பட்டம் வாங்கியவள் பரீட்சையைக் குறைசொல்லக் கூடாது. பெரியார் கருத்தடையைப் பேசியபோது, மற்றவர்கள் உடல்நலத்தையும் வறுமையையும் காரணமாகக் காட்ட, அவர் பெண்ணின் விடுதலையைக் காரணமாகச் சொன்னார். பெறாமலிருக்கும் உரிமைக்கு அந்த வாதம் பொருந்தினால், பெறும்போதும் அது பொருந்த வேண்டும். பிள்ளை பெறத் தீர்மானித்ததால் ஒருத்தி தன் உடலை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடவில்லை.

நூறு நாள் வேலையில் மர நிழலில் உட்காரும் நேரத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பிரசவக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஏச்சையும் அறையையும்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அந்தச் சிரிப்பு மறதி அல்ல, எல்லோருக்கும் எல்லாம் நினைவிருக்கிறது. கர்ப்பிணிப் பெண் யாராவது வந்து உட்கார்ந்தால் மட்டும், "பாவம், பயந்துடுவா" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். பயமுறுத்தாமல் அவளுக்கும் சொல்லலாம்: எதற்கு ஊசி என்று கேள், யார் என்று கேள், யாரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முன்பே கேட்டு வை, மரத்துப்போகவில்லை என்றால் மறுபடியும் சொல். அவள் குழந்தையோடு திரும்பி வந்தபின், தொட்டிலுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு எப்படி நடந்துச்சு?" என்று ஒருத்தியாவது கேட்கலாம்.